வெளியூரில் உள்ள வாடகை வீடு காலியானால்...

மேச்சேரி, ஓமலூர், மேட்டூர் வட்டாரத்தில் வியாபாரத்தில் நாலு காசு சேர்த்தவர்கள் முன்பெல்லாம் காடு வாங்கினார்கள், இல்லையென்றால் கடை கட்டினார்கள். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக அது மாறிவிட்டது. பையனுக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கிறது. மாதாமாதம் வாடகை கொடுப்பதற்குப் பதில் சொந்தமாகவே இருக்கட்டும் என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்குகிறோம். ஐந்து வருடத்தில் பையன் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறான். வீடு அங்கேயே நிற்கிறது, வங்கித் தவணையும் நிற்காமல் போகிறது. நாம் இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். வீடு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

நமது சங்க உறுப்பினர்களில் இந்த நிலையில் உள்ளவர்கள் பலர். குடித்தனம் இருக்கும்வரை தொந்தரவு தெரிவதில்லை. அவர் காலி செய்கிறேன் என்று சொல்லும் நாளில்தான் கவலை ஆரம்பிக்கிறது. கடையை விட்டுவிட்டு ஓட முடியாது. ஓடினாலும் அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. மளிகை மொத்த வியாபாரத்தோடு இப்படி ஒரு வீட்டையும் பல ஆண்டுகளாக இங்கிருந்தபடியே வாடகைக்கு விட்டு வருகிறவன் என்ற முறையில், அதிகச் செலவில்லாமல் வீட்டை நிரப்பும் வழிகளை வணிக நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் மூட்டையில் பருப்பு விற்காமல் நின்றால் அடுத்த மாதம் விற்கும். விலை ஏறி லாபம் கூட வரலாம். காலி வீட்டின் ஒரு மாத வாடகை கீரைக்கட்டு மாதிரி. அன்று போனால் போனதுதான், அதை அடுத்த மாதத்தில் சேர்த்து விற்க முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமே என்றாலும், வாடகை பேசும்போது முக்கால்வாசிப் பேர் இதை மறந்துவிடுகிறோம்.

உதாரணமாக, வாடகை 16,000 ரூபாய், குடியிருப்போர் சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடித்தனம் இருந்தால் பராமரிப்பை அவர் கட்டுவார். வீடு காலியாக இருந்தால் நாம்தான் கட்ட வேண்டும். ஆக, ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 19,000. இப்போது ஒருவர் வந்து 16,000-க்குக் கேட்கிறார். நாம் 17,000 வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு மாதம் காத்திருந்து, அதே 17,000-க்கே ஆள் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கூடுதலாக வரும். போன 19,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 19 மாதம் ஆகும். நாம் போடும் ஒப்பந்தமோ 11 மாதம். இரண்டு மாதம் காத்திருந்தால் 38 மாதம். அதுவரை அந்தக் குடித்தனக்காரர் இருப்பாரா என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதே கணக்கு வாடகை உயர்வுக்கும் பொருந்தும். நல்லபடியாக இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றினால் 800 ரூபாய், 10 சதவீதம் ஏற்றினால் 1,600 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 9,600. அந்த வித்தியாசத்துக்காக அவர் கோபித்துக்கொண்டு போய், வீடு வெறும் பதினைந்து நாள் காலியாக இருந்தால் நமக்குப் போவது 9,500. அதற்கு மேல் தரகு, சுண்ணாம்பு, பெயிண்ட் செலவெல்லாம் தனி. ஆகவே காலி வீட்டை நிரப்பும் மிக மலிவான வழி, இருப்பவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்வதுதான். குழாய் ஒழுகுகிறது என்று போன் வந்தால் அன்றே ஆள் அனுப்புகிற உரிமையாளரை விட்டு யாரும் சுலபத்தில் போவதில்லை.

சரி, போகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்போது என்ன செய்வது?

நம் ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பொட்டனேரி இரும்பாலையிலும் மேட்டூர் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்கிறவர்கள் நம் பக்கம் வாடகைக்கு வீடு தேடி வருகிறார்கள். காலையில் ஒரு வீடு காலியானால் சாயங்காலம் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு நாளில் ஆள் வந்துவிடும், ஒரு பைசா செலவில்லை. சென்னையில் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கே தெரியாது. ஆனால் அங்கேயும் டீக்கடைக்குச் சமமானவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பின் காவலாளி, 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் பையன், இஸ்திரிக்காரர், எதிரில் உள்ள மளிகைக்கடை அண்ணாச்சி. யார் காலி செய்யப் போகிறார்கள், யார் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். குறிப்பாக மளிகைக்கடைக்காரரிடம் நாம் வீட்டு உரிமையாளர் என்று போய் நிற்பதைவிட, "நானும் கடைக்காரன்தாங்க" என்று போய் நின்றால் பேச்சே வேறு. வருடத்தில் ஒரு முறை போகும்போது இவர்களைப் பார்த்து, போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வீடு காலியான பிறகு அறிமுகம் செய்துகொள்ளப் போவது, பஞ்சம் வந்த பிறகு கிணறு வெட்டுவது போல.

இவர்களுக்குச் சும்மா வேலை சொல்லக் கூடாது. சென்னையில் தரகர் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது வழக்கம். நம் உதாரணத்தில் அது 16,000. அதில் கால் பங்கான 4,000 ரூபாயை, ஆள் கொண்டுவந்து ஒப்பந்தம் ஆன அன்றே காவலாளிக்கோ மற்றவருக்கோ கொடுத்தால், அடுத்த முறை நாம் கேட்கும் முன்பே அவர் போன் செய்வார். தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு நமக்கு ஏறத்தாழ 630 ரூபாய் போகிறது. தரகர் வந்ததால் 25 நாளுக்கு மேல் மிச்சமாகிறது என்றால் அவருக்குக் கொடுக்கும் 16,000 நியாயம். நாலு நாள் முன்னதாகக் கொண்டுவந்ததற்கு 16,000 கொடுப்பது வியாபாரம் ஆகாது.

எல்லாரையும்விட நல்ல தரகர், காலி செய்யப்போகும் குடித்தனக்காரரேதான். அவர் இருக்கும்போதே அடுத்தவர் வந்து பார்த்தால், சாமான்களோடு வீடு வீடாகத் தெரியும். தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டார் எப்படி என்று வருகிறவர் கேட்டால் அவர் சொல்லும் பதிலுக்கு இருக்கும் மதிப்பு நம் பதிலுக்கு இல்லை. அவருடைய அலுவலகத்திலேயே நாலு பேர் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, தகவல் வந்த அன்றே இப்படிச் சொல்லலாம்: நீங்கள் போன பத்து நாளுக்குள் உங்கள் மூலமாக ஆள் வந்துவிட்டால், கடைசி மாத வாடகையில் பத்து நாள் வாடகையை உங்களுக்கே திருப்பித் தருகிறேன். நமக்குச் செலவு 5,300 சொச்சம். தரகில் மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் அவர் மனமொப்பி இதைச் செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவருடைய அட்வான்ஸ் தொகை பத்திரமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் நம்மைப் போன்ற வியாபாரிகள் கோட்டை விடுகிறோம். அட்வான்ஸ் என்று லட்சக்கணக்கில் வாங்கியதை அடுத்த வாரமே கொள்முதலில் போட்டுவிடுகிறார்கள். காலி செய்யும்போது, "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தருகிறேன்" என்று இழுக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வார். வீடு பார்க்க வருகிறவரிடம் உரிமையாளரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். சாவியைக் கொடுக்காமல் பூட்டிக்கொண்டு போவார். அட்வான்ஸ் நம் முதல் அல்ல, பிறத்தியார் பணம். அதை வங்கியில் தனி வைப்பாகப் போட்டு வைத்தால் கழிவு போக மீதியை ஒரே நாளில் திருப்பித் தரலாம்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கம் இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது. அட்வான்ஸ் குறைந்தால் நமக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 16,000 கொடுக்க முடியும், மொத்தமாக 1,60,000 புரட்டுவது கஷ்டம். மூன்று மாதம் போதும் என்று சொன்னாலே வீடு தேடி வருகிறவர்கள் எண்ணிக்கை கூடும்.

மேற்படி சட்டம் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. பழைய சட்டத்தில் ஒருவரைக் காலி செய்யவைக்க வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும் என்ற பயத்தினாலேயே வீட்டைப் பூட்டிப் போட்டவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை இதற்கென உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையதளம் வழியாகவே செய்யலாம் என்பதால் தூரத்தில் இருப்பவருக்கு வசதி. நமக்காக வீட்டைக் கவனிக்கும் மேலாளர் ஒருவர் இருந்தால் அவருடைய விவரத்தையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. பெங்களூரில் வீடு வைத்திருப்பவர்கள் கர்நாடகச் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தின் தேதி பற்றி ஒரு சூட்சுமம். ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் பெரும்பாலும் வீடு மாற்றுவதில்லை. அந்த மாதங்களில் காலியானால் என்னதான் வாடகையைக் குறைத்தாலும் ஆள் வருவது சிரமம். பள்ளி திறக்கும் முன் சித்திரை, வைகாசியில்தான் குடும்பங்கள் வீடு தேடும். ஆவணியிலும் தையிலும் நல்ல நடமாட்டம் இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் போடுகிறோம். அது ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பின்னுக்கு நகரும். ஜூன் 1-ல் ஆரம்பித்தால் முதல் ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் முடியும். அடுத்தது மார்ச், பிறகு பிப்ரவரி, ஜனவரி. ஐந்தாவது ஒப்பந்தம் டிசம்பர் கடைசியில், சரியாக மார்கழி நடுவில் முடியும். இதைக் கவனிக்காமல் அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறவர்கள் அதிகம். இடையில் ஒருமுறை மாதத்தைக் குறைத்து எழுதி, முடிவு தேதியைச் சித்திரையிலோ ஆவணியிலோ கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். எதிர்பாராமல் ஆடியில் காலியானால் அந்த மாதத்தைப் பெயிண்ட் வேலைக்கு ஒதுக்கிவிடுவது உத்தமம்.

ஆள் இல்லாத வீடு சீக்கிரம் கெடும். குளியலறைத் தரை ஜல்லடைக்கு அடியில் உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சில வாரம் புழங்காமல் விட்டால் அது வற்றிப்போகும். நாற்றமும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் வந்துவிடும். கதவைத் திறந்தவுடன் அந்த வாடை அடித்தால், பார்க்க வந்தவர் வாடகையைக் கேட்காமலே திரும்பிப் போவார். வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்க ஒருவருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும். மின்கட்டணம் கட்டாமல் விட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டால், வேலை முடிந்து சாயங்காலம் வீடு பார்க்க வருகிறவர் இருட்டில் என்ன பார்ப்பார்? வீடு சுத்தமாக இருக்கும் நாளில் செல்போனில் எல்லா அறைகளையும் படமும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காலிக்கும் அதே படம் உதவும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிடிக்காதவர்கள் வராமலே நின்றுவிடுவார்கள், காவலாளியும் தினம் பத்துப் பேருக்கு மாடி ஏற வேண்டியதில்லை. இணையத்தில் கட்டணமில்லாமல் விளம்பரம் போடவும் வசதிகள் உள்ளன. போட்டவுடன் முதலில் வரும் அழைப்புகளில் பாதி தரகர்களுடையதாக இருக்கும் என்பதால் கடை நம்பரைக் கொடுக்காமல் வேறு நம்பர் கொடுப்பது நல்லது.

சென்னையில் பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் லாரித் தண்ணீரை நம்பிக் குடியிருப்புகள் தவித்ததை யாரும் மறக்கவில்லை. அடுத்த கேள்வி வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்த பகுதிகளில் தரைத்தளம் என்றால் யோசிக்கிறார்கள். இவற்றுக்கு உண்மையான பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மழுப்பி உள்ளே கொண்டுவந்தால் மூன்றாம் மாதம் காலி செய்துவிடுவார், நம் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குத் திரும்பியபோது அந்தச் சாலையில் வரிசையாக வீடுகள் காலியாயின. அப்போது உடனே வாடகையைக் குறைத்து இருப்பவரை நிறுத்திக்கொண்டவர்கள்தான் தப்பித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைவம் மட்டும், குடும்பத்துக்கு மட்டும், இன்ன ஜாதிக்கு மட்டும், இன்ன மதத்துக்கு இல்லை என்று நிபந்தனை அடுக்குகிறவர்கள் நம்மிலும் உண்டு. கடையில் சரக்கு வாங்க வருகிறவரிடம் இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. காசு சரியாக இருக்கிறதா, சொன்ன தேதியில் தருவாரா என்று மட்டும்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு நிபந்தனையும் பத்து நாள் காலி. அதுவும் போக, நம் வீட்டுப் பிள்ளைகளே சென்னைக்குப் போய் கல்யாணமாகாதவன் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் மூன்று இளைஞர்கள் சேர்ந்து கேட்டால், மூன்று பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து விடலாம். விசாரணை மட்டும் கடன் சரக்குப் போடும்போது விசாரிப்பது போலச் செய்ய வேண்டும். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, ஆதார் நகல், முன்பு இருந்த வீட்டு உரிமையாளரின் போன் நம்பர். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். காவல் நிலையத்தில் குடித்தனக்காரர் விவரம் தரும் நடைமுறை சென்னையில் 2012 முதல் இருக்கிறது. அதையும் செய்துவிட வேண்டும்.

தூரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்து நடக்கும் ஒரு மோசடியைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் இதுபோல் பல வழக்குகள் போலீசுக்குப் போயிருக்கின்றன. ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் வந்து, "நீங்கள் அலைய வேண்டாம். வீட்டை எங்களிடம் விடுங்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை உங்கள் கணக்கில் விழும்" என்கிறார்கள். மேச்சேரியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அமிர்தமாக இருக்கும். ஒப்பந்தம் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவர்கள் அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு லீஸ் என்று, அதாவது நாம் போக்கியம் என்று சொல்கிறோமே அந்த முறையில், பல லட்ச ரூபாய் மொத்தமாக வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உரிமையாளருக்குச் சில மாதம் வாடகை ஒழுங்காக வரும். அது அந்தக் குடும்பத்தின் பணத்திலிருந்தே வருகிறது. பிறகு ஒருநாள் நின்றுவிடும், போனும் எடுக்காது. பதறிப் போய் அங்கே பார்த்தால், முகம் தெரியாத ஒரு குடும்பம், "நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம், பணத்தைக் கொடுங்கள் போகிறோம்" என்று அழுகிறது. அவர்களும் ஏமாந்தவர்கள். நாம் வாங்காத பணத்துக்கு நம் வாசலில் வழக்கு.

வாடகை நிலவரத்தைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்பதும், குடியிருப்பவரை நாம் சந்திக்கத் தேவையில்லை என்பதும்தான் இதன் அடையாளம். ஆகவே குடியிருக்கப் போகிறவரோடு நேரடியாக ஒப்பந்தம் போட வேண்டும். நம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். வீட்டைக் காட்டவும் சாவி கொடுக்கவும் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். அட்வான்ஸும் வாடகையும் நம் வங்கிக் கணக்கைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது. வாடகைக்கு விடுவதற்காகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே வேண்டாம். இன்ன பெயருள்ளவர் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார் என்று குடியிருப்போர் சங்க அலுவலகத்துக்கு நாமே எழுத்தில் தெரிவித்துவிட்டால், வேறொருவர் சாமானோடு வந்து இறங்கும்போது காவலாளியே நமக்குப் போன் செய்வார்.

வருமான வரியைப் பொறுத்தவரை, வீட்டு வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் செலவுக்கணக்குக் காட்டாமலே கழிவு கிடைக்கும். ஆண்டில் சில மாதம் காலியாக இருந்து வாடகை வராமல் போயிருந்தால், அதையும் ஆடிட்டரிடம் தேதிகளோடு சொல்ல வேண்டும். வராத வாடகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. இதற்காகவாவது வீட்டுக்கென்று தனி நோட்டு ஒன்று போட்டு, குடித்தனம் வந்த தேதி, போன தேதி, காலியாக இருந்த நாட்கள், ஆள் யார் மூலம் வந்தார், அவருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நாலைந்து ஆண்டு எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தால், காவலாளி கொண்டுவந்தவர்கள் எத்தனை மாதம் தங்கினார்கள், தரகர் கொண்டுவந்தவர்கள் எத்தனை மாதம் தங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை முதல் போன் யாருக்கு என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.